நீலம் வராத குப்பி

என் மனைவி பூர்ணிமாவுக்குக் கை சும்மா இருக்காது. சோறு வேகும்போது மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் நான் பீங்கான் பியூஸ் கட்டை சுடும் சூளை வைத்திருக்கிறேன். அது ஆறுவதற்குள் கதவைத் திறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் விரிசல் விட வைத்த புண்ணியவதி அவள். அதிலிருந்து சூளைப் பக்கம் வர அவளுக்குத் தடை போட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். தினமும் சேத்தியாத்தோப்பு வழியாக சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய், ஒரு சோதனைக்கூடத்தில் குதிரை முள்ளங்கி என்ற செடியின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, பெராக்ஸிடேஸ் என்ற நொதியைத் தயாரிக்கிறாள். தேடுகிற பொருள் இருக்கிறதா என்று நிறத்தால் தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக்காரர்கள் அதை வாங்குவார்களாம். நொதி நன்றாக இருந்தால் சோதனையில் நீலம் வரும். கெட்டுவிட்டால் தண்ணீராகவே நிற்கும்.

வெள்ளிக்கிழமை பெங்களூர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்ப்பதாக இருந்தது. நீலம் வந்தால் அவள் வேலை நீடிக்கும், வராவிட்டால் இந்த மாதத்தோடு சரி.

புதன்கிழமை போனில் அழுதாள்.

"நீலமே வரலீங்க. நேத்து நல்லா வந்துச்சு."

"நீ என்ன பண்ணின?"

"காப்பாத்தத்தாங்க ஊத்தினேன்..."

போன முறை கரண்ட் போய்க் குப்பியில் பூஞ்சை பிடித்திருந்தது. அந்தப் பயத்தில், முந்தின நாள் கிளம்பும்போது, கெடாமலிருக்கச் சோடியம் அசைடு கொஞ்சம் சேர்த்திருக்கிறாள். மற்றக் குப்பிகளுக்கெல்லாம் போடுகிற மருந்துதான். ஆனால் இந்த நொதியை அது முடக்கிவிடும். தெரியாதவளில்லை, பதற்றத்தில் மறந்துவிட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லா இருந்தத ஏன்டி தொட்ட?" என்று கத்திவிட்டேன்.

அவளோடு வேலை செய்யும் ஆக்னஸ்தான் வழி சொன்னாள். நொதியை மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, குளிர்ந்த உப்புக் கரைசலில் போட வேண்டும். மருந்து வெளியே கசிந்துவிடும், நொதி உள்ளேயே நிற்கும். காலை வரைக்கும் கரைசலை மாற்றுவதோடு சரி, பையில் யாரும் கை வைக்கக் கூடாது.

"கரைசல நான் மாத்திக்கிறேன். நீ வூட்டுக்குப் போ. இங்க இருந்தா பையப் பிரிச்சுப் பாப்ப" என்று அனுப்பிவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்தவள் உட்காரவே இல்லை. துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள். டீயைப் பாதியில் வைத்தாள். ஆக்னஸைக் கூப்பிடப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"பை கிழிஞ்சிருந்தா என்னங்க பண்றது?"

"கிழியாது. உக்காரு."

"அந்த மருந்து முழுசா போவலன்னா?"

பாதியில் வைத்த டீயை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இந்த வேலை போனால் இவள் உடைந்துபோவாள். அது எனக்குத் தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை, முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாள். நான் சூளைக்கு வந்தேன். போன் வரவில்லை. எடுத்துப் பார்த்தேன், சட்டைப்பையில் போட்டேன், திரும்பவும் எடுத்தேன். எஸ்டேட் வாசலுக்கும் சூளைக்குமாக நடந்தேன். எதையாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"வந்துடுச்சுங்க! முதல்ல வெளிர்நீலமா வந்துச்சு, பொறவு நல்லா ஏறிடுச்சு. நாளைக்குக் கம்பெனிக்காரரு வரட்டும்!"

கண் கலங்கிவிட்டது எனக்கு. "நல்லது பூர்ணிமா" என்றேன்.

"அங்க என்னங்க சத்தம், டிக்கு டிக்குன்னு?"

திரும்பிப் பார்த்தேன். ஆறாத சூளையின் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே பியூஸ் கட்டைகள் ஒவ்வொன்றாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தன. திறந்தது என் கைதான்.

"ஒண்ணுமில்ல. நீ எதையும் தொடாத" என்றேன்.