கரிசலாங்கண்ணியும் அதன் பங்காளியும்

பரீட்சை வந்தால், எழுதுகிற பிள்ளைகளைவிட பாட்டனி டிபார்ட்மெண்ட் அட்டெண்டருக்குத்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். யுத்த காலத்தில் ராயப்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் காலேஜுக்குச் செடி பிடுங்கிக் கொடுத்தவன் நான். என்னைப்போல் வாளி தூக்கியவர்களுக்கு இது புரியும்.

ஆற்றங்கரையில்

பிராக்டிகலில் பார்த்துப் பெயர் எழுத, பெண்ணுக்கு ஒன்றாக முப்பது கரிசலாங்கண்ணி வேண்டும் என்று உத்தரவு. அடையாற்றங்கரையில், சேற்றில் இறங்கச் சோம்பல்பட்டு, மேட்டிலேயே வெள்ளைப் பூவாகப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீரை பறிக்க வந்த குப்பம்மா வாளியை எட்டிப் பார்த்தாள். இருந்ததெல்லாம் வெட்டுக்காயப் பூண்டு என்கிற களைச்செடி. இரண்டும் ஒரே குடும்பம்தான். ஆனால் பூண்டுக்கு நீளக் காம்பு, பூவின் நடுவே மஞ்சள். கரிசலாங்கண்ணிப் பூ பொட்டு அளவுதான், முழுக்க வெள்ளை.

"இன்னா நைனா, காலேஜ்ல வேலைன்ற, இது தெரியலியா? தண்டக் கசக்கிப் பாரு. கை கறுத்தாதான் கரிசலாங்கண்ணி" என்றாள்.

டிராமில்

பூண்டைக் கொட்டிவிட்டுச் சேற்றில் இறங்கி முப்பது பிடுங்கினேன். மயிலாப்பூர் வரை நடந்து டிராம் ஏறினால், ஒரே கூட்டம். ஆளாளுக்கு வாளியை இடித்தார்கள். கண்டக்டர் வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தழை வந்துட்சி. ஆடு பின்னால வருதா?" என்றார்.

பரீட்சை ஹாலில்

காலேஜில் எண்ணினால் இருபத்தொன்பது. டிராம் இடியில் ஒன்று விழுந்திருக்க வேண்டும். வாளியின் அடியில் பூண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. பங்காளிதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று அதையே முப்பதாவது இடத்தில் வைத்துவிட்டேன்.

அந்த இடம் கமலாவுக்கு வாய்த்தது. போன வருஷம் பாட்டனியில் கோட்டைவிட்ட மயிலாப்பூர்ப் பெண். அன்று காலையில்தான் என்னிடம், "இந்தத் தடவையும் போச்சுன்னா ஆவணியிலே கல்யாணம்னு அப்பா சொல்லிண்டிருக்கார். எனக்கு மேலே படிக்கணும்" என்று கண் கலங்கியிருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் செடிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், விடை லிஸ்டை வைத்துக்கொண்டு திருத்தினார். கமலா பூண்டைப் பூண்டு என்றே எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி விழுந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலை பிழைக்கும், அவள் படிப்பு போகும்.

"சார், அந்தப் பொண்ணு இடத்துல செடியை மாத்தி வெச்சது நான்தான்" என்றேன்.

அவர் எழுந்துபோய், வாடிய பூத்தலையைப் பிய்த்து ஊதினார். பஞ்சு பறந்தது. கரிசலாங்கண்ணி விதையில் பஞ்சு கிடையாது. குறியை அடித்துவிட்டு முழு மார்க் போட்டார்.

"பார்த்து எழுதினவ இந்தப் பொண்ணு. பார்க்காம வெச்சவன் நீ, பார்க்காம திருத்தினவன் நான். இதுல யாருக்குய்யா பரீட்சை?" என்றார்.

எங்கள் உத்தியோகத்தில் தப்பு செய்வதும் நாங்கள்தான், படித்தவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வேண்டியதும் நாங்கள்தான்.