மிடில் ஸ்ட்ரெய்ட் ஏற்றத்தில் ஜெயராணி

ஜெயராணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும். அவள்மேல் இல்லை, அவளுடைய தம்பி சிவபிரகாஷ்மேல். என் பெயர் ஹுஸ்னா. ரங்கத் பஜாரில் பாக்கு வியாபாரம். என் மூட்டைகளைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோவது ஜெயராணியின் ஜீப்தான்.

கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். சுனாமிக்குப் பிறகு குடும்பம் ரங்கத்துக்கு வந்தது. அப்பாவிடம் ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டு, அவர் படுத்ததும் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "எனக்கு ஏதுக்கா நேரம்?" என்பாள். அப்பா போனபின் ஜீப் அக்கா தம்பி இருவருக்கும் பொது என்றாயிற்று. ஓட்டுவது இவள், உரிமை பேசுவது அவன்.

இந்த வருஷம் மழை முடிந்த கையோடு ஜெயராணிக்கு டைஃபாய்டு. அவள் எழுந்து நடமாடும்வரை தம்பி ஓட்டினான். வண்டி திரும்பக் கைக்கு வந்தபோது சின்ன மேடு ஏறவே முக்கித் திணறியது. பிரகாஷ் என் கடை வாசலில் நின்று அக்காவிடம் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"இஞ்சின் கதம்க்கா, முடிஞ்சுபோச்சு. போர்ட் பிளேர்ல ஒரு ஆளு கேக்குறான். தள்ளி விட்ருவோம். நீ வீட்ல நிம்மதியா இரு."

வீட்டில் நிம்மதியா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜீப்பை எடுத்துவிட்டால் இவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஜெயராணி வண்டியில் ஏறி பஜாரை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இறங்கும்போது முகத்தில் ஒரு தெளிவு.

"இஞ்சின் நல்லா கத்துது. வண்டிதான் அதுக்கேத்த மாதிரி ஓடல. நடுவுல எங்கயோ வழுக்குதுடா."

சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். கை பிரேக்கை இழுத்தாள். டாப் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியபடி கிளட்சிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள். இஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. கருகிய வாடை என் கடைக்குள்வரை வந்தது.

"பாத்தியா? கிளட்ச் நல்லா இருந்தா இஞ்சின் இந்நேரம் ஆஃப் ஆயிருக்கணும். ஃபெர்ரி லைன்ல எப்படிடா நிறுத்துன?"

அவன் தலையைச் சொறிந்தான். ஃபெர்ரிப் படகில் ஏற ஜெட்டிச் சரிவில் வண்டிகள் காத்து நிற்கும். முன்னால் இடம் விழுந்த கணமே நகராவிட்டால் அடுத்தவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் இங்கே பாதிப் பேர் கை பிரேக்கைத் தொடவே மாட்டார்கள். கிளட்சைப் பாதி மிதித்தபடி, வண்டியைச் சரிவில் தாங்கிப் பிடித்தே நிற்பார்கள். இந்த மகராசனும் அதையேதான் செய்திருக்கிறான்.

"எல்லாரும் அப்படித்தானே நிக்கிறானுங்க?" என்றான்.

"எல்லார் கிளட்சும்தான் கருகுது. கிளட்ச மாத்துறேன். முழு லோடோட மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி ஏத்தம் ஏறலன்னா நீ சொல்ற ஆளுக்கே குடுத்துரு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

இப்படியா வாக்குக் கொடுப்பாள் ஒருத்தி! ஆனால் மெக்கானிக் காத்தமுத்து கியர் பாக்ஸை இறக்கியபோது பிளேட்டைப் பார்த்தோமே, ஆணித் தலை தெரியுமளவுக்குத் தேய்ந்து, பிரஷர் பிளேட்டும் நீலம் பாய்ந்து கிடந்தது. "இதோட எப்படிம்மா வீடு வந்து சேந்துச்சு?" என்றார் அவர். இரண்டையும் மாற்றினார். பேரிங்கும் புதிது.

என் பாக்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாராடாங்கில் ஜீப் ஃபெர்ரியில் ஏறியது. அக்கரையில், மிடில் ஸ்ட்ரெய்ட்டில், நல்ல வற்றம். நீர் இறங்கிப்போய் ஜெட்டிச் சரிவு செங்குத்தாக நின்றது. நானும் பிரகாஷும் இறங்கி மேலே, காட்டு வழியே வண்டிகளைக் கான்வாயாகச் சேர்த்து அனுப்பும் கேட் பக்கம் போய் நின்றோம். ஜீப் பாதி ஏறியிருக்கும், முன்னால் போன லாரி சடாரென்று நின்றுவிட்டது.

"ரோகோ! ரோகோ!" என்று ஃபெர்ரி ஆள் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.

"போச்சு," என்றான் பிரகாஷ். நான் அல்லாவைக் கூப்பிட்டேன். கீழே கை பிரேக் இழுபடும் சத்தம் கேட்டது. மூட்டைகள் முழுப்பாரத்தோடு சரிவில் இருக்க, ஜீப் இம்மி அசையவில்லை. ஜெயராணி ஜன்னலில் முழங்கையை வைத்து, ஹாயாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

லாரி நகர்ந்தது. கிளட்ச் பிடித்தது, கை பிரேக் இறங்கியது. ஓரடிகூடப் பின்னால் உருளாமல், வாடை இல்லாமல், இரைச்சல் இல்லாமல், ஜீப் நேராக மேலே ஏறி எங்கள் பக்கத்தில் வந்து நின்றது. நான் வெட்கத்தை விட்டு விசிலடித்தேன். கண்ணிலும் தண்ணீர் கொட்டியது.

பிரகாஷ் தொண்டையைக் கனைத்தான். "சரிக்கா. வண்டி உன்னுது."

ஜெயராணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தன நாளா யாருதுன்னு நெனச்ச? ஏறுடா பின்னால, கான்வாய்க்கு கேட்டைத் தொறந்துட்டான்."