மஸ்கட் பெட்டி, அமெரிக்க டிஸ்க்

பெமிலா மஸ்கட்டில் ஏழு வருடமாக நர்ஸ். வருடத்துக்கு முப்பது நாள் லீவு. மகள் அபினா அவளோடு பழகி வர இருபது நாள் ஆகும். அதற்குப் பிறகு பத்து நாள் கிடைக்கும். முன்பெல்லாம் அதை நினைத்தால் அழுகை வரும். இப்போது அதுவும் இல்லை.

இந்தத் தடவை அபினாவே போனில் ஒன்று கேட்டாள். டிவியில் மாட்டி, ரிமோட்டை வீசி டென்னிஸ் ஆடுகிற கேம் பெட்டி.

"ரெண்டுபேரு ஆடணும் அம்மா. நீ வந்தா நாம ஆடலாம்."

பத்து வயதுப் பிள்ளை 'நாம' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒரே சாமானை இரண்டு பேர் வாங்க மாட்டார்கள். முன்கூட்டியே பங்கு பிரித்துவிடுவார்கள். பெட்டி பெமிலா பங்கு. டிஸ்க், அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் அக்கா ரெஜிலா பங்கு. அங்கிருந்து லீவில் வந்த ஊர்க்காரர் மூலம் டிஸ்க் வந்து சேரும்போது பெமிலாவின் லீவில் இருபத்துநாலு நாள் முடிந்திருந்தது.

போட்டார்கள். பெட்டி முனகியது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. துடைத்துப் போட்டார்கள். அதே எழுத்து.

லீவில் வந்தவர்கள் வீட்டுக்கு ஜெபிக்க வரும் குமாரதாஸ் உபதேசியார் பெட்டியின் மேல் கை வைத்தார்.

"ஏதோ ஒரு தடை இருக்கு மக்கா."

"இருக்கு உபதேசியாரே. சாத்தான் வச்சதில்ல, கம்பெனி வச்சது போல இருக்கு," என்றாள் பெமிலா. கணவன் ஷாஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி எடுக்கப் போனான்.

குழித்துறையில் கேம் கடை வைத்திருந்த ரெஜின் டிஸ்க்கின் அட்டையைத் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா, இது அமெரிக்கா டிஸ்க் ஆக்கும். பெட்டி கல்ஃப் பெட்டி. சேராது."

"ரெண்டும் ஒரே கம்பெனிதானே?"

"ஒரே கம்பெனிதான். ஏரியா வேற."

"இங்க வேற டிஸ்க் கிட்டாதா?"

"இந்தப் பெட்டிக்கு உள்ளது இங்க ஆரும் விக்கியதில்ல. பெட்டிய தந்துட்டுப் போங்க, கொச்சிக்கு அனுப்பி சிப்பு போடலாம், பொறவு எந்த ஏரியா டிஸ்க்கும் ஓடும். பத்து பதினஞ்சு நாளு ஆவும்."

உலகத்தைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு விலையும் துண்டுக்கு ஒரு பூட்டும் வைத்திருக்கிறார்கள். அதை அட்டையின் மூலையில் எறும்பு எழுத்தில் அச்சடித்தால் கடமை தீர்ந்தது. பெமிலாவுக்கு இது புதிதல்ல. அவள் படிப்பு மஸ்கட்டில் செல்ல ஒரு பரீட்சை; அக்காவின் படிப்பு அமெரிக்காவில் செல்ல வேறொரு பரீட்சை. மனித உடம்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். சொந்த ஊரில் பரீட்சை எதுவும் கிடையாது, பிழைக்கிற சம்பளமும் கிடையாது.

மிச்சம் ஐந்து நாள். பெட்டியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள். கோபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

அந்த ஐந்து நாளும் அபினா அவள் பக்கத்தில் அதிகம் வரவில்லை. கூப்பிட்டால் வந்து நின்றாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பெமிலா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். துணி மடித்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பது போலவே மடித்தாள், மூலை பிசகாமல்.

திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் ஷாஜன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். அபினா அம்மாவின் சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, நீ போன பொறவு கேம் பெட்டி சரியாயி வருமில்லா?"

"வரும்."

"அப்போ நான் அப்பாகூட ஆடட்டா? கோவிப்பியா?"

இதைக் கேட்கத் தெரியாமல்தான் ஐந்து நாளும் விலகி நின்றிருக்கிறாள்.

"கோவிக்கமாட்டேன் மக்கா. ஆடு."

அபினாவின் முகம் தெளிந்தது. அந்த லீவில் முதன்முதலாக அவளாகவே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெமிலா அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு கையை விலக்கி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.