கடைசி வகுத்தல்

பரந்தனில் அச்சில் சீமெந்துக் கல் அரிகிற பொன்னையாவுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. இடப்பெயர்வோடு அது நின்றுபோனது. எண்களை அவர் கல்லில்தான் படித்தார். அரிந்த கல்லைக் காய வைக்கும்போது சில எண்ணிக்கைகள் எப்படி அடுக்கினாலும் சம வரிசைகளாக வராது. அவற்றை உடையாத எண்கள் என்பார். பகா எண் என்று அவற்றுக்குப் பெயர் இருப்பதே, மகள் நிசாந்தினி கம்பசில் கணிதம் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் வருடத்தில் அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாயின. கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்தார்கள். அங்கே கட்டிலில் கிடந்தபடி ஒருநாள் தகப்பனுக்கு ஒரு எண் கொடுத்தாள்: பத்து இலட்சத்து மூன்று.

"இது உடையுமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ அப்பா. ஃபோனிலை இல்லை, கையாலை."

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். உங்கடை வாயாலை கேக்கோணும்."

அவ்வளவு கல்லைச் சம வரிசையில் அடுக்கினால் நீளமும் அகலமும் ஒருசேர ஆயிரத்தைத் தாண்ட முடியாது, கல் காணாது. ஆகவே ஆயிரத்துக்கு உட்பட்ட பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அவை நூற்றறுபத்தெட்டு. சீமெந்துப் பையின் உள்தாளில் ஒவ்வொன்றாக வகுத்தார். ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றுக்கும் மிச்சம் நான்கே வந்தது. கம்பசுக்குப் போனது மகளோ தகப்பனோ என்று மனைவி கமலேஸ்வரி நக்கலடித்தாள்.

இடையில், ஒருவருக்கும் சொல்லாமல், அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்துவிட்டார். எண் உடையாவிட்டால் பிள்ளை தப்ப வேண்டும்.

நூற்றறுபத்தேழு எண்களுக்கும் அது உடையவில்லை. மிஞ்சியது தொளாயிரத்துத் தொண்ணூற்றேழு. அங்கே பென்சிலை வைத்தவர் பிறகு எடுக்கவில்லை. வகுக்காத வரைக்கும் எண் முழுதாகத்தானே இருக்கும்.

போகும்போதெல்லாம் நிசாந்தினி கேட்டாள். இன்னும் ஒன்று கிடக்கிறது என்றார்.

"ஒண்டுக்கு எத்தினை கிழமை அப்பா?" என்று சிரித்தாள்.

ஒரு வியாழக்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஓட்டோவிலேயே அவள் போய்விட்டாள்.

முப்பத்தோராம் நாள் அவளின் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சனம் கலைந்த பின், பொன்னையா தாளை விரித்து அந்தக் கடைசி எண்ணால் வகுத்தார். ஈவு ஆயிரத்து மூன்று, மிச்சம் பன்னிரண்டு. பெருக்கிக் கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது.

கமலேஸ்வரி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உடைஞ்சுதோ?"

"உடையேல்லை."

அவள் தாளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "அதை அவளிட்டைச் சொல்லியிருக்கலாமேயப்பா."

பொன்னையா பன்னிரண்டின் மேல் பென்சிலை வைத்தபடி இருந்தார்.