ஏழாவது குட்டி

போன கிழமை என் பேத்தி கோபத்தோடு வீட்டுக்கு வந்தாள். வவுனியாவில் அல்சேஷன் குட்டிகள் வைத்திருக்கும் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். விலை கேட்டால் மனிதர் விலை சொல்லவில்லையாம். வளவுக்கு வேலி இருக்கிறதா, பகலில் குட்டியோடு யார் நிற்பார்கள், முன்பு வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்று இவளை விசாரித்தாராம். நேரில் வந்து தாய் நாயைப் பார்த்த பிறகுதான் மற்றக் கதையாம்.

"நாய் வாங்கக் கேட்டனான் அப்பப்பா. வேலைக்கு இன்டர்வியூ குடுக்கேல்லை" என்றாள்.

முகநூலில் இன்னொருவர் நாளைக்கே குட்டியைப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பதகளிப்புத்தான், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பின்னேரம் அவள் முதல் மனிதரிடமே போவதாகச் சொன்ன பிறகுதான் நெஞ்சு அடங்கியது. ஒரு நாய்க்குட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காணி எடுத்துக் குடியேறிய புதிதில், எங்கள் வயலுக்கு ஓயாமல் பன்றி வந்தது. ஒரு நல்ல சாதி நாய் வேண்டும் என்று ஐயா, என் தகப்பனார், சொன்னார். அந்தப் பொறுப்பை மாமா எடுத்துக்கொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. குட்டி பார்ப்பதில் தன்னை வெல்ல ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். அவருடைய வித்தை இதுதான்: குட்டியைக் கழுத்துத் தோலில் பிடித்துத் தூக்க வேண்டும். கத்தினால் ஊர்நாய். கத்தாமல் தொங்கினால் சாதி நாய். எங்கள் பக்கத்தில் இதை நம்பாதவர்கள் குறைவு.

பரந்தன் சந்தையில் ஒருவன் சாக்குக்குள் குட்டிகள் கொண்டுவந்திருந்தான். எல்லாம் சுத்த அல்சேஷன் என்றான். தாய் எங்கே என்று மாமா கேட்கவில்லை. தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒன்றுதான் கத்தவில்லை. அதைக் கொண்டுவந்தோம். நான் அதற்கு ராஜா என்று பெயர் வைத்தேன். ராஜா பால் குடிக்கவில்லை, வாலை ஆட்டவில்லை. கிழமை முடிய முன்னமே செத்துப்போனான். யாரோ நாவூறு வைத்துவிட்டார்கள் என்றார் மாமா. நான் இரண்டு நாள் அழுத அழுகையைப் பார்த்து ஐயா கடைசியாக ஒன்று சொன்னார்: இன்னும் ஒரு தரம் பார்ப்போம், அதுவும் செத்தால் இந்த வீட்டில் நாய்க் கதையே எடுக்கக் கூடாது.

அந்த ஒரு தரத்துக்குத்தான் வவுனியாவுக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா அங்கே அல்சேஷன் வளர்த்தார். தாதிமாரை மிஸி என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம். ஊரில் அவருக்கு நாய் மிஸி என்றே பெயர்.

மிஸி எங்களைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார். வேலி அடைத்திருக்கிறதா, நாயைப் பகல் முழுக்கக் கட்டி வைப்போமா, யார் சமைத்துப் போடுவது. ராஜா எங்கே கிடந்து செத்தது என்றும் கேட்டார். ஐயா சொன்னதும், அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு போடும்படியும் குட்டியை அந்தப் பக்கம் விடவேண்டாம் என்றும் சொன்னார். மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. பொம்பிளை பார்க்கப் போன இடத்திலும் தன்னை இப்படிக் கேட்கவில்லை என்று ஐயாவின் காதுக்குள் முணுமுணுத்தார்.

பிறகு தாய் நாயைக் கொண்டுவந்து காட்டினார். பெரிய, அமைதியான நாய். ஏழு குட்டி போட்டது என்று மிஸி சொன்னார். குட்டிகள் முற்றத்தில் உருண்டு திரிந்தன. நான் எண்ணினேன். ஓடித் திரிவதை எண்ணுவது கஷ்டம், திரும்பவும் எண்ணினேன். பெரியவர்கள் கதைத்துக்கொண்டிருந்த இடத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"ஏழெண்டு சொன்னீங்கள் மிஸி. ஆறுதான் நிக்குது."

ஐயா என் தொடையில் கிள்ளினார். மாமாவுக்கு உயிர் வந்தது. "பொடியன் கணக்கிலை பிழை விடமாட்டான்" என்றார்.

மிஸி குசினிக்குள் போய், ஒரு துணியில் சுற்றியிருந்த குட்டியைக் கொண்டுவந்தார். மற்றவை போலத்தான் இருந்தது, கொஞ்சம் சிறிது. யாரும் தடுக்க முன்னம் மாமா எட்டி அதைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினார். சத்தமே இல்லை. சற்று முன் மற்ற ஆறையும் தூக்கிப் பார்த்தவர் அவர். ஆறும் வீரிட்டுக் கத்தியிருந்தன.

"அத்தான், இதுதான் சாதி" என்றார் மாமா, மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு. "மனுசி ஒளிச்சு வைச்சிருக்கு."

மிஸி குட்டியை வாங்கித் திரும்பவும் துணிக்குள் வைத்தார். "இது விக்கிறதுக்கில்லை."

"விலையைச் சொல்லுங்கோவன்."

"இதுக்கு இருதயத்திலை பலமில்லை. கத்தக்கூட ஏலாது. என்னோடை கிடக்கும்."

நல்ல சாமானுக்குத்தான் எல்லோரும் நோய் சொல்வார்கள் என்று மாமா சிரித்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தவன் நான் அல்லவா.

தாய் நாய் வந்து ஐயாவின் முழங்காலில் நாடியை வைத்தது. அவர் அதன் தலையைத் தடவிக்கொண்டு, "இதுகளிலை நீங்கள் விரும்பின ஒண்டைத் தாங்கோ, மிஸி" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாங்குபவன் தெரிவு செய்யாமல் விற்பவரிடமே விடுகிற ஒரு தகப்பன். மிஸி எடுத்துத் தந்ததோ, மாமா தூக்கியபோது தெருவையே கூட்டிய பெட்டைக் குட்டி. தரும்போது ஒரு நிபந்தனை வைத்தார்: பல் விழுந்து முளைத்த பிறகு கொண்டுவந்து காட்ட வேண்டும்; இடையில் ஏதும் குறை தெரிந்தால் தன்னிடமே கொண்டுவர வேண்டும், தெருவில் விடக் கூடாது.

ஓலைக் கடகத்துக்குள் கிடந்து குட்டி வழி நெடுகக் கத்தியது. அது எங்களுடையது இல்லை என்பது போல மாமா பஸ்ஸின் முன் சீட்டில் போய் இருந்தார்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் என் முதல் வேலை, அதன் விலாவில் கை வைத்துப் பார்ப்பது. சூடாக ஏறி இறங்கும். அப்பாடா என்று இருக்கும். ராஜா தாண்டாத முதல் கிழமை கடந்தது, அதற்கடுத்த கிழமையும் கடந்தது. அதன் பிறகுதான் குட்டிக்கு ராணி என்று பெயர் வைத்தேன். அவள் அம்மாவின் செருப்பைக் கடித்தாள், கோழியைக் கலைத்தாள், அடி வாங்கினாள், திரும்பவும் கலைத்தாள். சோறு போடும்போது திட்டிக்கொண்டே அம்மா ஒரு மீன் தலையும் போடுவா. காது நிமிர்ந்த அன்று மாமாவே ஊரைக் கூப்பிட்டுக் காட்டினார். கத்துகிற குட்டிதான் காவலுக்கு நல்லது என்று தான் முதலிலேயே சொன்னதாகவும் சொன்னார்.

பல் முளைத்தபின் ராணியைக் கூட்டிக்கொண்டு மிஸியிடம் போனோம். மாமாவும் வந்தார், அந்த மற்றக் குட்டியைப் பார்க்க. மிஸி ராணியின் வாயைத் திறந்து பார்த்தார், காலை நீவினார். பிறகு குனிந்து அதன் நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"நல்லா அடிக்குது" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

நான் வளவு முழுக்க எண்ணிப் பார்த்தேன். ஏழாவது குட்டி இல்லை. அதைக் கூடின விலைக்கு வேறு யாருக்கோ கொடுத்திருப்பா என்று மாமா கண்ணால் சொன்னார். நானும் நம்பினேன்.

பின்பக்கம் தேசிமரத்தடியில் சிறிய மண்மேடு ஒன்று இருந்தது. யாரும் கிளறாதபடி முள்ளுக்கொப்பு வெட்டிப் பரப்பியிருந்தது. மேட்டின் மேல் ஒரு பீங்கான் கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது. ராணி அதை மோந்து பார்த்துவிட்டு அங்கேயே படுத்துவிட்டாள். மிஸி நட்டு வைத்த எதையோ நாய் பழுதாக்கிவிடும் என்று பயந்து நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

"விடும் தம்பி, படுக்கட்டும்" என்றார் மிஸி.

என்ன நட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அது முளைக்காது என்றார்.

மழை பெய்தால் முளைக்கும் என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன்.