குப்பியில் வந்த கற்கள்

என் தங்கைக்கு அந்த வலி முதலில் வந்தது 1993 மாசிக் களரிக்கு மறுநாள். சிவராத்திரிக் கும்பிடு முடிந்து குலசாமிக்குக் கிடாய் வெட்டி, திருப்புல்லாணியில் என் வீட்டில்தான் சமையல். என் மனைவியின் கறிக்குழம்புக்காகவே கடலாடிப் பக்கத்திலிருந்து புருஷனோடும் மாமியாரோடும் தங்கை வருவாள். சாப்பிட்டுப் படுத்தவள் வலது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு சுருண்டாள். வலி முதுகு வழியாகத் தோள்பட்டைக்கு ஏறியது. வாயு என்றோம்.

அந்தத் தீபாவளிக்கும் வந்தது. அடுத்த பொங்கலுக்கும். நாள் கிழமையை நினைவில் வைத்துக்கொள்வது என் பழக்கம். ஆனால் இந்த நாள்களை ஒன்றோடொன்று கோத்தது தங்கையின் மாமியார். எல்லாமே என் வீட்டில் சாப்பிட்ட நாள்கள். தன் வீட்டில் கஞ்சியும் துவையலும் சாப்பிடும்போது அவளுக்கு ஒன்றுமில்லை.

ராமநாதபுரத்து டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை.

"மருந்து வச்சிருக்காக" என்றார் மாமியார். சோற்றில் எதையோ கலந்து ஆளைக் கெடுப்பதற்கு எங்கள் பக்கம் அப்படிப் பெயர். உச்சிப்புளிக்கு அப்பால், மருந்து எடுக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். வயிற்றின்மேல் குழலை வைத்து உறிஞ்சி, மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்றை வெற்றிலையில் துப்பினாராம். அதன்பின் தங்கை என் வீட்டுக்கு வரவில்லை. கறி விருந்தும் இல்லை, வலியும் இல்லை. வேறென்ன சாட்சி வேண்டும்?

பேச்சு எங்கள் ஊருக்கும் வந்தது. சடங்கு வீடுகளில் உப்புப் பார்க்க என் மனைவியைக் கூப்பிடுவது நின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அவள் கொடுத்த முறுக்கை, தாய் ஓடிவந்து பிடுங்கி எறிந்தாள்.

"என்ன நோவுன்னு கண்டுபிடிங்க. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் எங்கன போறது?" என்றாள் மனைவி.

1996 பங்குனியில், தங்கையின் புருஷன் வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாண விருந்துக்குப் பிறகு வலி திரும்பியது. இம்முறை தங்கையின் கண் மஞ்சளாயிற்று. சண்டை போட்டு மதுரைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். கொழுப்புச் சாப்பாடு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், கல் வழியை அடைக்கும், வலிக்கும் என்று டாக்டர் விளக்கினார். ஆபரேஷன் முடிந்து கற்களைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். என் மனைவியின் பழி தீர்ந்தது என்றே எண்ணினேன்.

மாமியார் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏப்பா, இம்புட்டுக் கல்லு வயித்துக்குள்ள தன்னால எப்படி வரும்? மருந்து எடுத்தவரு அன்னைக்கே சொன்னாரு, அடிமருந்து மிச்சமிருக்கு, இறுகிப் போகும்னு."

"கறிக் கொழுப்புத்தான் அத்தை வலியக் கிளப்புனது."

"நானுந்தான் கறி திங்கிறேன். எனக்கு எங்க கல்லு?"

"டாக்டர்கிட்டயே கேளுங்க."

"டாக்டருக்குக் கல்லு தெரியும். வச்ச கை யாருதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். கடலாடிப் பக்கத்தில் அது வீடு வீடாகப் போய்வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆடியில் தங்கை தனியாக வந்தாள். உடம்பு தேறியிருந்தது. என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே சொன்னது எனக்கு வெளங்குது மதினி. டாக்டரும் சொன்னாரு."

"குடி, ஆறிப்போகும்."

"குடிக்கிறேன் மதினி."

பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினாள், மழையில்லாததைப் பற்றிப் பேசினாள். டம்ளரை ஒரு தடவை கையில் எடுத்தாள், மடியருகே வைத்துக்கொண்டாள். காப்பியில் ஆடை படிந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தபோது டம்ளர் அப்படியே இருந்தது. என் மனைவி அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இப்போது 2009. எனக்குச் சோறு போட்டதும், முதல் கவளத்தை அவளே எடுத்து, என் கண் முன்னால் தின்றுவிட்டுத்தான் தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை.