மார்ச் மாதத்துக் கல்யாணம்

எங்கள் ஊர் வோஸில் கல்யாணம் என்றால் ஜூன்தான். அப்போதுதான் ஆப்பிள் மரங்கள் பூத்து முடிந்திருக்கும், மலையில் பனி உருகியிருக்கும், ராத்திரி பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். பள்ளிக்கூட அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரி குன்வோர் மட்டும் தன் மகள் சுனிவாவுக்கு மார்ச்சில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள்.

"மார்ச்சுல சேறும் பனியுமா இருக்குமேம்மா. என் செருப்பு என்னாகும்?" என்றாள் சுனிவா.

"வெள்ளையா பனி கிடந்தா போட்டோ எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமாடி? மண்டபமும் சுலபமா கிடைக்கும்."

மகள் ஒத்துக்கொண்டாள்.

உண்மையான காரணத்தை குன்வோர் என்னிடம்கூட அப்போது சொல்லவில்லை. அவளுடைய தம்பி தூர்லெய்ஃப் வடக்கே லொஃபோட்டன் தீவுகளில் மீன் பிடிக்கிறவன். சுனிவாவின் பதினைந்தாவது வயதில், சர்ச்சில் திடப்படுத்தல் சடங்கு முடிந்து நடந்த விருந்தில், குடித்துவிட்டுப் பாடப்போய் கேக் மேலேயே விழுந்தவன். மாப்பிள்ளை வீட்டில் அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை காட் மீன் காலம். எந்த மீனவனும் படகை விட்டு அசையமாட்டான். அழைப்பும் போகும், அவனும் வரமாட்டான்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் ரயிலடியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து நின்றான் தூர்லெய்ஃப். கையில் இரண்டு பெரிய தெர்மோகோல் பெட்டிகள்.

"படகு?" என்றாள் குன்வோர்.

"ஆள் போட்டுட்டு வந்துட்டேன்க்கா. தாய்மாமன் இல்லாம கல்யாணமா?"

மறுநாள் விருந்தில் எல்லார் தட்டிலும் அவன் கொண்டுவந்த மீன், ஈரல், சினை. மாப்பிள்ளையின் அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தூர்லெய்ஃப் தண்ணீர்க் கோப்பையோடு எழுந்தான்.

"எல்லாரும் ஜூன்ல வைப்பாங்க. எங்கக்கா மட்டும் மீன் நல்லா இருக்கிற மாசமா பாத்து வச்சிருக்கா. என் கையால உங்களுக்குப் போடணும்னுதான்!"

கைதட்டினார்கள். நான் குன்வோரைப் பார்த்தேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. கழுத்து வரை சிவந்திருந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ரயிலடியில் தம்பியிடம் உண்மைக் காரணத்தை அவளே சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றாள் பிறகு என்னிடம்.

அவன் தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டானாம். "அந்த கேக் விஷயமா?"

"ஆமாடா."

"நான் குடிச்சு மூணு வருஷமாச்சுக்கா. நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ரயில் வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு விடைபெற்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்பாள் குன்வோர்.

போன வருஷம் அவள் மகனுக்குக் கல்யாணம் பேசினார்கள். தேதி பார்ப்பதற்கு முன்பே தம்பிக்குப் போன் போட்டாள்.

"உனக்கு எந்த மாசம் தோதுப்படும்னு சொல்லுடா. அதுலயே வச்சிடலாம்."

"உங்களுக்கு எப்ப சௌகரியமோ வைங்க. முடிஞ்சா வர்றேன்."

பிறந்ததிலிருந்து அவளை அவன் 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். போனை வைத்துவிட்டு வெகு நேரம் குன்வோர் அங்கேயே நின்றாளாம்.